பிரசவ அறையின் கதை – 12: கார்கிவ் முதல் பாரிஸ் வரை

சென்ற இதழில் குளோரோஃபார்ம் பிரசவ அறைக்குள் நுழைந்த கதையைப் பார்த்தோம். 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் தொடங்கிவைத்தது, 1853இல் விக்டோரியா மகாராணி இளவரசர் லியோபோல்டைப் பெற்றெடுத்தபோது அரண்மனைக்குள்ளேயே போய்விட்டது. அதற்குப் பிறகு வசதியுள்ள குடும்பங்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. 1906 வாக்கில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் மார்ஃபினும் ஸ்கோபாலமைனும் சேர்ந்த ஊசி வந்தது. அந்த ஊசி போட்டால் வலி போகாது. வலித்தது என்ற நினைவுதான் போகும். பிள்ளையைப் பெற்றவளுக்கே பெற்ற நேரம் தெரியாது.

இவ்வளவும் மருந்தின் கதை. மருந்துக்குக் காசு வேண்டும், அதைக் கொடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும், தொழிற்சாலை வேண்டும். இவை எதுவுமே போதுமான அளவில் இல்லாத ஒரு நாட்டில், 1920களில், வேறொரு வழியைத் தேடினார்கள். சோவியத் உக்ரைனின் அன்றைய தலைநகரான கார்கிவ்தான் அந்த இடம்.

வலியைச் சொல்லால் அடக்குவது என்பது கார்கிவ் மருத்துவர்களின் கண்டுபிடிப்பு அல்ல. ஈதரும் குளோரோஃபார்மும் வருவதற்குச் சற்று முன்பே, 1845இல், வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், உடம்பில் ஒருவகைக் காந்த சக்தி ஓடுகிறது என்ற நம்பிக்கையில் பிறந்த மெஸ்மெரிச முறையில் நோயாளிகளை மயங்கவைத்து அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கியிருந்தார். மறு ஆண்டே கல்கத்தாவில் அதற்கென்று ஒரு மருத்துவமனையும் கிடைத்தது. பெரிய பெரிய கட்டிகளை அகற்றினார். நோயாளிகள் முனகக்கூட இல்லை என்று பார்த்தவர்கள் எழுதிவைத்தார்கள். ஆனால் குளோரோஃபார்ம் சில நிமிடங்களில் செய்வதற்கு அவருடைய உதவியாளர்கள் மணிக்கணக்கில் கைகளை வீசிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. போட்டியில் எது ஜெயித்தது என்று சொல்லத் தேவையில்லை. அதற்குள் மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்ட் என்பவர், இதில் காந்த சக்தி எதுவும் இல்லை, கவனம் ஒரே இடத்தில் குவிவதால் வரும் நிலை இது என்று விளக்கி, மெஸ்மெரிசத்தை ஹிப்னாடிசமாக மாற்றியிருந்தார். அவருடைய புத்தகம் வந்தது 1843இல்.

கார்கிவில் இதைக் கையில் எடுத்தவர் கான்ஸ்டன்டின் பிளாடனோவ். ரஷ்ய நரம்பியலின் பெரிய பெயரான பெக்தெரெவிடம் பயின்றவர். உலகப் போர், உள்நாட்டுப் போர், 1921–22 பஞ்சம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடிபட்ட மண்ணில், மருந்து அலமாரிகள் காலியாகக் கிடந்த காலத்தில், அவரும் அவருடைய இளைய சகா இலியா வெல்வோவ்ஸ்கியும் கர்ப்பிணிகளை ஹிப்னாடிச முறையில் பிரசவத்துக்குத் தயார் செய்தார்கள்.

முறை இதுதான். பேறுகாலத்துக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே பெண்ணை வரவழைப்பார்கள். அமைதியான அறை, மெல்லிய குரல், ஒரே சீரான பேச்சு. உடம்பு தளர்ந்து அரைத்தூக்க நிலைக்கு வந்ததும் மருத்துவர் அவளிடம் சொல்வார்: கருப்பை சுருங்குவது உனக்குத் தெரியும், அது ஒரு வேலை நடக்கிற உணர்வாக இருக்கும், வலியாக இருக்காது, பயம் இருக்காது. திரும்பத் திரும்பச் சில நாள்கள். பிரசவம் தொடங்கியதும் அதே குரல் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பேசும். முன்பு சொல்லிவைத்த சொல் விழிப்பிலும் வேலை செய்யும் என்பது பிளாடனோவின் நம்பிக்கை. பல பெண்களிடம் அது செய்யவும் செய்தது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எல்லோரும் ஒரே அளவு ஹிப்னாடிசத்துக்கு ஆட்படுவதில்லை. சிலர் ஆழ்ந்து போவார்கள். சிலருக்குக் கண்கூடச் சொருகாது. யார் எப்படி என்று முன்கூட்டித் தெரியாது. தவிர, ஒரு பெண்ணுக்கு ஒரு மருத்துவர் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். 1930களில் இதைச் சமாளிக்க, கர்ப்பிணிகளைக் கூட்டமாக உட்காரவைத்து ஹிப்னாடிசம் செய்யும் கூடங்கள் சோவியத் நகரங்கள் சிலவற்றில் திறக்கப்பட்டன. அப்படியும் கணக்கு உதைத்தது. கோடிக்கணக்கில் பிரசவம் நடக்கும் நாட்டில் ஹிப்னாடிசம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்துவிட முடியும்?

வெல்வோவ்ஸ்கியின் மனதில் வேறொரு கேள்வி ஓடியது. அரைத்தூக்கத்தில் இருப்பவளிடம் சொன்ன சொல் வேலை செய்கிறது என்றால், விழித்திருப்பவளிடம் காரண காரியத்தோடு விளக்கிச் சொன்னால் ஏன் செய்யாது? என்னைக் கேட்டால், இந்த வரலாற்றின் திருப்புமுனை இந்தக் கேள்விதான். அதுவரை பெண் சிகிச்சை பெறுபவளாக இருந்தாள். இனிமேல் அவள் பாடம் படிப்பவள், தன் பிரசவத்தில் தானே வேலை செய்பவள்.

அந்தக் கேள்விக்கு உருவம் வருவதற்குள் இன்னொரு போர் வந்துவிட்டது. 1941 அக்டோபரில் ஜெர்மானியப் படை கார்கிவைப் பிடித்தது. 1943இல் ஒருமுறை மீட்கப்பட்டு, மறுபடி பறிபோய், ஆகஸ்டில் கடைசியாக மீண்டபோது ஊர் பாதி இடிபாடாக இருந்தது. சோவியத் நாடு இழந்த உயிர்கள் 2 கோடியே 70 லட்சம் அளவில் இருக்கும் என்பது இன்றைய மதிப்பீடு. 1944 ஜூலையில், நிறையப் பிள்ளை பெறும் தாய்மாருக்குப் பட்டமும் பதக்கமும் தரும் ஆணை வந்தது. பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள் வீரத்தாய். பெண்கள் பெற வேண்டும் என்று அரசு விரும்பியது; பெறும்போது கொடுக்க மருந்து இல்லை. இந்த இடைவெளியில்தான் 1940களின் கடைசியில் வெல்வோவ்ஸ்கியும் கூட்டாளிகளும் தங்கள் புதிய முறையை வெளியிட்டார்கள்.

அதற்குக் கோட்பாட்டு அடித்தளமாக அவர்கள் பிடித்துக்கொண்டது பாவ்லோவை. மணி அடித்ததும் நாய்க்கு எச்சில் ஊறும் அந்தப் பரிசோதனை நம் பள்ளிப் பாடத்திலும் உண்டு. சின்ன வயதிலிருந்தே பெண் என்ன கேட்டு வளர்கிறாள்? பாட்டி சொன்ன கதை, பக்கத்து வீட்டு அலறல், செத்துப் பிழைத்தேன் என்ற பேச்சு. கருப்பை சுருங்குவதும் வலியும் அவள் மூளையில் ஒன்றோடொன்று ஒட்டிப் போய்விடுகின்றன. ஒட்டியதைச் சொல்லாலேயே பிரிக்கலாம், ஏனென்றால் மனிதனுக்குச் சொல்லும் ஒரு சமிக்ஞை. அதோடு, மூளையின் மேற்பகுதியை ஒரு வேலையில் முழுசாக ஈடுபடுத்திவிட்டால் கீழிருந்து வரும் வலிச் செய்தி மங்கிப்போகும். இதுதான் அவர்களுடைய வாதம்.

1950 கோடையில் சோவியத் அறிவியல் அகாடமி பாவ்லோவின் கொள்கையை உடலியலின் ஒரே சரியான பாதையாக அறிவித்தது. மாற்றுக் கருத்துள்ள விஞ்ஞானிகள் பதவி இழந்தார்கள். அறிவியலுக்கு அது கெட்ட காலம். ஆனால் பாவ்லோவின் பெயரைத் தாங்கிய கார்கிவ் முறைக்கு அது வாசல் திறந்துவிட்டது. 1951 பிப்ரவரியில் நாடு முழுவதும் அந்த முறையைக் கடைப்பிடிக்கச் சொல்லிச் சுகாதார அமைச்சகம் ஆணை போட்டது. ஒரு நகரத்து மருத்துவமனை அனுபவம் சில ஆண்டுகளுக்குள் ஒரு வல்லரசின் சட்டமாகிவிட்டது.

வகுப்பில் என்ன நடந்தது என்று பார்ப்போம். முதலில் கர்ப்பப்பை எப்படி இருக்கிறது, கருப்பை வாய் எப்படித் திறக்கிறது, பனிக்குடம் உடைவது என்றால் என்ன, பிள்ளை எந்த வழியாக எப்படித் திரும்பி வருகிறது என்று படம் போட்டு விளக்கினார்கள். பெரும்பாலான பெண்கள் தங்கள் உடம்புக்குள் நடப்பதை முதன்முறையாக அங்கேதான் தெரிந்துகொண்டார்கள். பிறகு பயிற்சி. இடுப்பு வலி எடுக்கும்போது நிதானமாக ஆழ்ந்து மூச்சு இழுத்து விட வேண்டும். மூச்சுக்கு ஏற்றபடி இரண்டு கை விரல் நுனிகளாலும் அடிவயிற்றை நடுவிலிருந்து பக்கவாட்டுக்கு மெல்லத் தடவ வேண்டும். வலி கூடினால் இடுப்பெலும்பின் முன்முனைகளைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பெண்ணே கணக்கு வைக்க வேண்டும். வலி என்ற சொல்லையே வகுப்பிலும் பிரசவ அறையிலும் தவிர்த்தார்கள். சுருக்கம் என்றுதான் பேச்சு.

இதே ஆண்டுகளில் இங்கிலாந்திலும் ஒருவர் கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வேறு வழியில் வந்திருந்தார். கிராண்ட்லி டிக்-ரீட் லண்டனின் ஏழைகள் குடியிருந்த வைட்சேப்பல் பகுதியில் இளம் மருத்துவராக இருந்தபோது, ஒழுகும் குடிசை ஒன்றில் ஒரு பெண் குளோரோஃபார்ம் வேண்டாமென்று மறுத்து, சத்தமில்லாமல் பெற்றெடுத்ததைப் பார்த்தார். ஏன் என்று கேட்டபோது தனக்கு வலிக்கவில்லை என்று அவள் சொன்னது அவரை ஆண்டுக்கணக்கில் யோசிக்கவைத்தது. 1933இல் வந்த அவருடைய புத்தகத்தின் சாரம்: பயம் தசையை இறுக்குகிறது, இறுகிய தசை வலிக்கிறது, வலி பயத்தை வளர்க்கிறது. இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் அறுத்தால் போதும். அதற்கு அவர் கற்றுக்கொடுத்தது தசைத் தளர்வு. ஒவ்வொரு தசைக் கூட்டத்தையும் இறுக்கிப் பார்த்துப் பிறகு தளரவிடும் முறையைச் சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் புத்தகமாகவே போட்டிருந்தார். டிக்-ரீடின் பயிற்சி அதற்கு மிக நெருக்கமானது. தான் செய்வது ஹிப்னாடிசம் இல்லை என்று டிக்-ரீட் வாழ்நாள் முழுக்க வற்புறுத்தினார். ஆனால் அந்தக் கணீர்க் குரலும், பிரசவம் முடியும்வரை நகராமல் பக்கத்தில் உட்காரும் பொறுமையும் பாதி வேலையைச் செய்தன என்று அவரைப் பார்த்த பலர் நினைத்தார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

இப்போது பாரிஸ்.

நகரத்தின் 11ஆம் வட்டாரத்தில் புளூயே தெரு. அங்கே உலோகத் தொழிலாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்காக நடத்திய மருத்துவமனை ஒன்று இருந்தது. அதன் பிரசவப் பிரிவின் தலைவர் ஃபெர்னான் லமாஸ். 1951இல் அவருக்கு 60 வயது. பல ஆயிரம் பிரசவம் பார்த்தவர். அந்த ஆண்டு பாரிஸில் நடந்த மகப்பேறு மருத்துவர்கள் மாநாட்டில் லெனின்கிராட் மருத்துவர் நிகோலயேவ் கார்கிவ் முறையைப் பற்றிப் பேசினார். கேட்டவர்கள் பலர் நம்பவில்லை. லமாஸ் அதே ஆண்டு ஒரு மருத்துவர் குழுவோடு சோவியத் நாட்டுக்குப் போனார். நிகோலயேவின் மருத்துவமனையில் ஒரு பெண்ணின் பிரசவத்தை ஆரம்பம் முதல் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். அவள் துடிக்கவில்லை, கத்தவில்லை, தன் வேலையில் இருந்தாள். முப்பது ஆண்டு அனுபவத்தில் தான் அப்படி ஒன்றைக் கண்டதில்லை என்று அவர் பாரிஸ் திரும்பிச் சொன்னார். அறுபது வயதில் தான் கற்ற தொழிலை முதலிலிருந்து மறுபடி கற்க உட்காருவது எத்தனை மருத்துவர்களால் முடியும்! அவர் உட்கார்ந்தார்.

1952 தொடக்கத்தில் புளூயே தெருவில் முதல் பிரசவம் இந்த முறையில் நடந்தது. அதற்கு முன்பே மருத்துவமனை முழுவதையும் அவர் தயார்ப்படுத்தியிருந்தார். மருத்துவர்கள், மருத்துவச்சிகள் மட்டுமல்ல. தரை துடைப்பவர்களுக்கும் சமையல்கட்டில் இருப்பவர்களுக்கும் வகுப்பு உண்டு. பிரசவ அறைக் கதவைத் திறந்துவிட்டு யாரோ ஒருவர் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டினால், வாரக்கணக்கில் கற்றது ஒரே நொடியில் கலைந்துவிடும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

சோவியத் முறையை அப்படியே அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஆழ்ந்த நிதான மூச்சோடு, சுருக்கம் உச்சத்துக்குப் போகும்போது வேகமாக மேல்மூச்சு விடும் பயிற்சியையும் சேர்த்தார். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு நாய்க்குட்டி மூச்சு என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு பெண்ணுடனும் பயிற்சியாளர் ஒருவர் பிரசவ நேரம் முழுக்க இருப்பார்: இப்போது வருகிறது, மூச்சை ஆரம்பி, நெற்றியைச் சுருக்காதே, தோளை விடு, இதோ இறங்குகிறது, ஓய்வெடு. முக்க வேண்டிய நேரம் வரும்வரை முக்கவிடாமல் காப்பதும் அவர் பொறுப்பு. இன்னொரு மாற்றம் அதைவிடப் பெரியது. சோவியத் மகப்பேறு மருத்துவமனைகளில் கணவர்களுக்கு வாசலைத் தாண்டி அனுமதி கிடையாது. பாரிஸில் அவர்களை உள்ளே விட்டார்கள். பட்டறையிலிருந்து வந்த தொழிலாளி, மனைவியின் தலைமாட்டில் நின்று அவளோடு சேர்ந்து மூச்சை எண்ணினான்.

செய்தி பரவியதில் அரசியலும் இருந்தது. கம்யூனிஸ்டுகள் கொண்டாடினார்கள், எதிர்முகாம் இது மாஸ்கோவின் பிரச்சாரம் என்றது. வேதனையோடு பெறுவாய் என்று விவிலியம் சொல்லியிருக்க, வலியில்லாமல் பெறுவது தெய்வக் கட்டளைக்கு மாறானதா என்ற கேள்வியும் கத்தோலிக்கர்களிடம் எழுந்தது. 1956 ஜனவரி 8 அன்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மகப்பேறு மருத்துவர்கள் முன் பேசினார். ரஷ்ய முறையையும் ஆங்கில முறையையும் ஆராய்ந்துவிட்டு, இதில் ஒழுக்கத்துக்கு விரோதமானது எதுவுமில்லை, விவிலியம் இதைத் தடுக்கவில்லை, கண்டுபிடித்தவர்களின் தத்துவம் பொருள்முதல்வாதமாக இருப்பதால் உண்மை பொய்யாகிவிடாது என்ற கருத்தைத் தெளிவாக வைத்தார். பனிப்போரின் நடுவில் கார்கிவ் முறைக்கு ரோமாபுரியின் சம்மதம்! 1957இல் பிரெஞ்சுத் திரையுலகின் பெரிய நட்சத்திரம் ஜான் கபேன் கிராமத்துக்கு இந்த முறையைக் கொண்டுபோகும் மருத்துவராக நடித்த படமும் வெளியானது. அதைப் பார்க்க லமாஸ் இல்லை. அந்த ஆண்டு மார்ச்சில் அவர் இறந்துவிட்டார்.

இந்த வெற்றிக்குள்ளேயே ஒரு கோளாறு இருந்தது. அதைச் சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. வலியில்லாத பிரசவம் என்பதுதான் பிரெஞ்சு இயக்கத்தின் பெயர். பெயரே வாக்குறுதி. அப்படியானால் வலித்தவள்? புளூயே தெருவில் ஒவ்வொரு பிரசவத்துக்கும் மதிப்பீடு போட்டார்கள்: மிகச் சிறப்பு, சிறப்பு, சுமார், தோல்வி. எவ்வளவு அமைதியாக இருந்தாள், எப்போது கத்தினாள் என்பதுதான் அளவுகோல். பத்து மாதம் சுமந்து பெற்று, பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு படுத்திருப்பவளின் ஏட்டில் தோல்வி என்று எழுதுவது என்ன நியாயம்? பிரிட்டனின் பிரசவக் கல்வியாளர் ஷீலா கிட்சிங்கர் போன்றவர்கள் பிற்பாடு இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். வலிக்கவில்லை என்று சொல்ல வேண்டிய கட்டாயத்தில் எத்தனை பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்திருப்பார்கள்!

கோட்பாட்டிலேயே பிழை இருந்தது. பிரசவ வலி வெறும் கேள்வி ஞானத்தால் வருவதல்ல. கருப்பை சுருங்கும்போதும் அதன் வாய் விரியும்போதும் நரம்பு வழியே மெய்யான செய்தி மூளைக்குப் போகிறது. 1981இல் கனடாவின் மாண்ட்ரியலில் ரொனால்ட் மெல்ஸாக் குழுவினர் பிரசவத்தில் இருந்த பெண்களிடமே வலியை அளந்தார்கள். முதல் பிரசவத்துக்கு வந்தவர்களில் பயிற்சி பெற்றவர்களுக்கு வலி சற்றுக் குறைவாக இருந்தது. ஆனால் அவர்களுக்கும் அது கடுமையான வலிதான். வலியின் நரம்பியலை 1965இல் பாட்ரிக் வாலுடன் சேர்ந்து புரட்டிப்போட்டவர் மெல்ஸாக். மனமும் கவனமும் வலிச் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் என்று நிறுவியவரே அவர்தான். அவர் அளந்து சொன்னதை யாரும் லேசாக ஒதுக்க முடியவில்லை.

கார்கிவ் கைவிட்ட ஹிப்னாடிசம் 1989இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயரில் மேரி மோங்கன் என்பவர் மூலம் புதுப் பெயரோடு திரும்பி வந்தது. டிக்-ரீடின் புத்தகத்தைப் படித்து 1950களில் பிள்ளை பெற்றவர் அவர். இந்தமுறை மருத்துவர் ஹிப்னாடிசம் செய்வதில்லை. பெண்ணே தன்னை அந்த நிலைக்குக் கொண்டுபோகக் கற்கிறாள். இதைச் சோதித்த பெரிய ஆய்வுகளில் ஒன்று இங்கிலாந்தில் 680 முதல் பிரசவக்காரிகளிடம் நடந்து 2015இல் வெளியானது. சுயஹிப்னாடிசம் கற்றவர்களில் 27.9 சதவீதம் பேர் முதுகில் போடும் எபிடூரல் ஊசியைக் கேட்டார்கள். கற்காதவர்களில் 30.3 சதவீதம். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் கற்றவர்கள், தாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பயமும் பதற்றமும் குறைவாக இருந்ததாகப் பின்னர் சொன்னார்கள். 2016இல் ஒன்பது ஆய்வுகளையும் 2,954 பெண்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் அறிக்கையும் ஏறக்குறைய அதே தொனியில் பேசியது: வலி மருந்தின் தேவை மொத்தத்தில் குறையலாம், எபிடூரல் குறைவதாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018இல், கேட்கும் பெண்களுக்குத் தசைத் தளர்வும் மூச்சுப் பயிற்சியும் தரலாம் என்றது. பெண் விரும்பும் ஒருவர் பிரசவம் முழுக்க அவளோடு இருக்க வேண்டும் என்பதையும் பரிந்துரைத்தது.

ஹிப்னாடிசம், பாவ்லோவ், தசைத் தளர்வு, நாய்க்குட்டி மூச்சு என்று விளக்கங்கள் மாறிக்கொண்டே வந்தாலும், பிளாடனோவின் அறையிலும் வைட்சேப்பலிலும் புளூயே தெருவிலும் இரண்டு விஷயங்கள் மாறவே இல்லை. என்ன நடக்கப்போகிறது என்று பெண்ணுக்கு யாரோ முன்கூட்டி மதிப்போடு சொன்னார்கள். நடக்கும்போது யாரோ எழுந்து போகாமல் கூடவே இருந்தார்கள். சோவியத் நாட்டில் அந்த முறை தேய்ந்ததற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. ஆணை இருந்தது, ஆள் இல்லை. நெரிசலான வார்டுகளில் வகுப்புகள் பேருக்கு நடந்தன. பிரசவ நேரத்தில் பெண் தனியாகக் கிடந்தாள்.

லமாஸின் பெயர் உலகமெங்கும் பரவியது அவருடைய சக மருத்துவர்களால் அல்ல. 1955இல் பாரிஸில் அவரிடம் பிள்ளை பெற்ற மார்ஜரி கார்மெல் என்ற அமெரிக்கப் பெண், அடுத்த பிரசவத்துக்கு நியூயார்க்கில் இந்த முறையை ஏற்றுக்கொள்ளும் மருத்துவரைத் தேடி அலைந்தார். அந்த அனுபவத்தை 1959இல் புத்தகமாக எழுதினார். அதைப் படித்துவிட்டுப் பெண்கள் கேட்ட கேள்விகளும், ஜெர்மனியிலிருந்து அகதியாக வெளியேறி, பின்னாளில் நியூயார்க்கில் கர்ப்பிணிகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த எலிசபெத் பிங்கோடு 1960இல் அவர் சேர்ந்து தொடங்கிய சங்கமும், கணவரை உள்ளே விடமாட்டோம் என்று நின்ற அமெரிக்க மருத்துவமனைகளோடு அவர்கள் நடத்திய போராட்டமும் அடுத்த இதழில்.

(தொடரும்)